வேண்டுமென்று கெடுக்க வந்தால்: வன்னியின் உணவு ஆலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னியில் மிளகாய்த்தூள் மில்லோ, நல்லெண்ணெய்ச் செக்கோ, பால் சேகரிப்பு நிலையமோ நடத்துகிற எவரைக் கேட்டாலும், பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் என்னென்ன பார்ப்பார் என்று கடகடவென்று சொல்லிவிடுவார்கள். தலைக்குத் தொப்பி, எலி நுழைய வழி இருக்கிறதா, வேலையாட்களின் மருத்துவச் சான்று, லேபலில் தொகுதி இலக்கம், காலாவதித் திகதி. இவை எல்லாம் தவறுதலாக நடக்கும் கேடுகளுக்கான காவல். ஒருவர் தெரிந்தே எதையாவது கொண்டுவந்து போட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "எங்கட ஆக்கள் அப்படிச் செய்யமாட்டினம்" என்பதுதான் வழக்கமான பதில். அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் நூறு வீட்டுக் குசினிக்குப் போகும் ஒரு சாமானை அந்த ஒரு வார்த்தையை நம்பி விட்டுவிட முடியாது.

2007 கடைசியிலும் 2008 தொடக்கத்திலும், சீனாவின் ஹெபெய் மாகாணத்திலிருந்து ஜப்பானுக்குப் போன உறைந்த கொழுக்கட்டைகளைச் சாப்பிட்டுப் பத்துப் பேர் நோயாளியானார்கள். உள்ளே இருந்தது விவசாயக் கிருமிநாசினி. கலந்தவர் அந்த ஆலையிலேயே வேலை செய்தவர்; சம்பளத்திலும் போனசிலும் இருந்த ஆத்திரம் காரணம். 2014 இல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2013 இல் ஜப்பானின் குன்மா மாகாணத்து உறைந்த உணவு ஆலை ஒன்றிலும் கிட்டத்தட்ட இதே கதை. அங்கே 64 இலட்சம் பக்கெற்றுகளைத் திருப்பி எடுக்கவேண்டி வந்தது. இரண்டு இடத்திலும் மதில் ஏறிக் குதித்து யாரும் வரவில்லை. காலையில் வேலைக்கு என்று வாசலால் வந்தவர்கள்தான்.

அதற்காக எல்லாரையும் சந்தேகப்படுங்கள் என்று சொல்ல வரவில்லை. போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி நீட்டிச் சலித்துப்போன சனம் இது. வேலைக்கு வருகிற அக்காவின் கைப்பையை ஒவ்வொரு காலையும் வாசலில் கிண்டினால், ஆத்திரத்தை நீங்களே விதைத்துத் தண்ணீரும் ஊற்றுகிறீர்கள். ஆளைச் சோதிப்பதை விட இடத்தைப் பூட்டுவது மேல். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே அந்த ஒரு எண்ணத்தில்தான் நிற்கிறது.

1. யாருக்கு, எதற்காக?

ஒரு பின்னேரம் ஆலை பூட்டிய பிறகு, நீங்களும் மேற்பார்வையாளரும் நம்பிக்கையான மூத்த வேலையாள் ஒருவரும் இருந்து, சாமானைக் கெடுக்க ஒருவருக்கு என்ன காரணம் இருக்கலாம் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெயர் எழுதவேண்டாம், காரணம் எழுதினால் போதும்.

முதல் காரணம் மனக்கசப்பு. சம்பளப் பாக்கி, எல்லார் முன்னாலும் வாங்கிய ஏச்சு, சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தியது. இரண்டாவது காசு. 2008 இல் சீனாவில் பாலில் தண்ணீரைச் சேர்த்துவிட்டு, புரதம் குறையாததுபோலக் காட்ட மெலமைன் என்ற இரசாயனத்தைக் கலந்தார்கள். சுமார் 3 இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். கலந்தவர்களுக்குக் குழந்தைகளைக் கொல்லும் எண்ணம் இருந்திருக்காது, இலாபம்தான் குறி. பால் பல கை மாறிச் சேரும் இடங்களில்தான் அந்தக் கலப்பு நடந்தது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பால் சேர்க்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும்.

மூன்றாவது போட்டியும் பகையும். காணி வழக்கு, கூட்டுறவுச் சங்கத் தெரிவு, ஒரே சந்தியில் இரண்டு மில். இதெல்லாம் நஞ்சு வைக்கும் அளவுக்குப் போகுமா என்று கேட்கலாம். 1984 இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஒரு மதக்குழு, உள்ளூர்த் தேர்தலில் மற்றவர்கள் வாக்களிக்கப் போகாமல் இருக்கவேண்டும் என்று உணவகங்களின் சாலட்டில் கிருமியைக் கலந்தது. 751 பேர் படுக்கையில் விழுந்தார்கள். ஒரு சின்ன ஊர்த் தேர்தலுக்காக! நான்காவது மிரட்டல்: "உன்ர சாமானில ஒண்டைக் கலந்திட்டன், காசு தா" என்று வரும் ரெலிபோன். அது வெறும் வெருட்டாக இருந்தாலும் ஆலை நின்றுவிடும்.

2. வாசலிலிருந்து லொறி வரை நடந்து பாருங்கள்

மூலப்பொருள் வந்து இறங்கும் படலையிலிருந்து, பொதி ஏற்றும் லொறி வரைக்கும் சாமான் போகும் வழியிலேயே நடந்து போங்கள். வேலை நடக்கும் நேரம் ஒருமுறை, சாப்பாட்டு நேரம் ஒருமுறை. சாப்பாட்டு நேர நடைதான் முக்கியம். அப்போதுதான் எந்த இடம் ஆளில்லாமல் திறந்து கிடக்கிறது என்று தெரியும். ஒவ்வொரு இடத்திலும் நின்று மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே எதையாவது போட்டால் எத்தனை பேர் வாய்க்குப் போகும்? ஒருவர் தனியாக இந்த இடத்துக்கு வர முடியுமா? போட்டது பிறகு யார் கண்ணிலாவது படுமா, அல்லது கலந்து மறைந்துவிடுமா? மூன்றுக்கும் மோசமான பதில் வந்தால் அதுதான் உங்கள் ஆலையின் பலவீனமான இடம்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 இல் வேண்டுமென்று செய்யும் கலப்புக்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. பெரிய ஆலைகளை ஆராய்ந்து, நான்கு வகை வேலைகளில்தான் ஆபத்து அதிகம் என்று அந்த விதிக்கான வழிகாட்டியில் வகுத்திருக்கிறார்கள்: திரவத்தை மொத்தமாக ஏற்றுவதும் இறக்குவதும், திரவத்தைத் தாங்கியில் வைத்திருப்பது, சிறிய அளவில் சேர்க்கும் துணைப்பொருட்களைக் கையாள்வது, கலக்குவதும் அரைப்பதும். கடல் கடந்த விதி என்றாலும் நம்மூர் ஆலைக்கு அப்படியே பொருந்துகிறது. வாடியில் பரப்பிக் காயும் கருவாட்டில் ஒருவர் எதையாவது தெளித்தால் ஒரு பாய்க்குள்ளேயே நின்றுவிடும். பால் குளிரூட்டும் தாங்கியில் விழுந்தால் அன்று காலை பால் கொண்டுவந்த அத்தனை வீட்டின் பாலும் போய்விடும்.

ஒரு சேகரிப்பு நிலையத்துக் காலையை எடுத்துக்கொள்வோம். ஏழு மணிக்குள் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் கான்கள் வந்து குவியும். பால்மானி போட்டுப் பார்க்கிற தம்பி ஒரு பக்கம், கணக்கு எழுதுகிற பிள்ளை மறுபக்கம். ஊற்றி முடிந்ததும் வெறுங்கானைக் கழுவ எல்லாரும் குழாயடிக்குப் போய்விடுவார்கள். குளிர்த்தாங்கியின் மூடி பாதி திறந்தபடி, ஒரு கரண்டியோடு, ஆளில்லாமல் இருக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் உங்கள் முழு முயற்சிக்கும் உரிய இடம். பரிகாரம் பெரிதல்ல: ஊற்றும் வாய்க்கு வலைத்தட்டு, மூடிக்கு ஒரு கொளுவியும் பூட்டும், கடைசிக் கான் ஊற்றியதும் பூட்டுகிற பொறுப்பு ஒருவருக்கு. ‘எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கோ’ என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

அரைக்கும் மில்லில் அந்த இடம் மெசினின் வாய். வறுத்த மிளகாயும் மல்லியும் சாக்கில் வரிசையாக நிற்கும்போது சாக்கின் வாயைக் கட்டியே வையுங்கள். எண்ணெய் ஆலையில் தெளிய விடும் தாங்கி. அரிசிமா, கச்சான் அல்வா, சத்துமா செய்யும் இடங்களில் உப்பு, சீனி, நிறமூட்டி போன்றவற்றை முதல் நாளே நிறுத்து மேசையில் வைத்துவிடுவார்கள். சின்னப் பொதி, பெரிய தொகுதி முழுவதும் பரவும். எனவே நிறுத்ததும் மூடியுள்ள வாளியில் போட்டுப் பூட்டிவைக்க வேண்டும்.

3. தண்ணீர்

இதை நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வன்னியில் கிணறு இல்லாத ஆலை அரிது. கிணற்றைப் பூட்டிவைக்கிற ஆலை அதைவிட அரிது. யானைக்கு மின்சார வேலி, மாட்டுக்கு முள்வேலி என்று வளவைச் சுற்றி எல்லாம் செய்வோம். கிணறு மட்டும் வானம் பார்த்தபடி இருக்கும்.

2015 இல் யாழ்ப்பாணம் ஏழாலையில் ஒரு பள்ளிக்கூடத்தின் தண்ணீர்த்தாங்கியில் நஞ்சு கலந்திருந்தது என்று பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியது பலருக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடத்துத் தாங்கிக்கும் ஆலைத் தாங்கிக்கும் அமைப்பில் வேறுபாடு இல்லை: சீமெந்துத் தூணில் ஒரு கறுப்புத் தாங்கி, பக்கத்தில் ஏணி, சும்மா சுற்றித் திறக்கும் மூடி.

கிணற்றிலிருந்து தொடங்குங்கள். கட்டு உயரமாக இருக்க வேண்டும், மேலே இரும்பு வலைச் சட்டம் போட்டு ஒரு பக்கம் மட்டும் திறக்கும்படி கதவு வைத்துப் பூட்ட வேண்டும். அயலவர்கள் அதே கிணற்றில் அள்ளுகிறார்கள் என்றால் கிணற்றை மறித்துச் சண்டை பிடிக்காதீர்கள். வெளியே ஒரு குழாய் போட்டுக் கொடுங்கள். அவர்களுக்கும் வசதி, உங்களுக்கும் கிணற்றடியில் ஆள் நடமாட்டம் குறையும். கிணற்றில் மீன் விட்டிருக்கிறவர்கள், மீன் செத்து மிதந்தால் தெரிந்துவிடும்தானே என்பார்கள். மிதந்தால் தண்ணீரை உடனே நிறுத்துங்கள், சரி. ஆனால் மீன் உயிரோடு நீந்துகிறது என்பது தண்ணீர் நல்லது என்பதற்குச் சான்று ஆகாது.

மோட்டர் அறைக்குப் பூட்டு. மேல்தாங்கி மூடிக்குப் பூட்டு. ஏணி நிரந்தரமாகச் சாய்த்து வைக்கவே கூடாது. கழற்றி ஸ்டோருக்குள் வைத்து, தாங்கி கழுவும் நாளில் மட்டும் எடுங்கள். தாங்கியின் நிரம்பி வழியும் குழாய்க்கும் காற்றுப்போகும் குழாய்க்கும் சின்னக்கண் வலை கட்டுங்கள், பல்லியும் விழாது.

குளோரின் போடுகிறவர்களுக்கு ஒரு நல்ல கருவி கையில் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் மிச்சக் குளோரின் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். நிறம் மாறும் குளிசையோ துளியோ போட்டு ஒவ்வொரு காலையும் பார்த்து எழுதுங்கள். வழக்கமாக ஒரே அளவில் நிற்கும் குளோரின் ஒரு நாள் காரணமில்லாமல் விழுந்துவிட்டால், தண்ணீருக்குள் அதைத் தின்கிற ஏதோ ஒன்று வந்திருக்கலாம். அழுக்காகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். காரணம் தெரியும் வரை அந்தத் தண்ணீரில் உற்பத்தி வேண்டாம்.

வெயில் காலத்தில் கிணறு வற்றி, பவுசரில் தண்ணீர் வாங்குகிற மாதங்களில் இந்தக் காவல் எல்லாம் ஒரே நாளில் ஓட்டையாகிவிடும். பவுசர்க்காரரிடம் தண்ணீர் எடுத்த இடத்தைக் கேட்டு எழுதுங்கள், மேல்மூடி பூட்டி வந்ததா என்று பாருங்கள், இறக்க முன் ஒரு போத்தலில் பிடித்துத் திகதி ஒட்டி வையுங்கள். மணம் பார்க்கலாம், ருசி பார்க்கவேண்டாம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்துக்குப் பிறகு வடக்கில் யாருக்கும் தண்ணீரின் மணம் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

4. ஆலைக்குள்ளேயே இருக்கும் நஞ்சு

பலர் வெளியிலிருந்து நஞ்சு வரும் என்று காவல் வைப்பார்கள். அது ஏற்கெனவே ஸ்டோரின் மூலையில் இருக்கும். நெல் ஆலைக்காரர் வயலும் செய்கிறவர். மருந்தடிக்கும் மெசினும் மிச்சக் கிருமிநாசினிப் போத்தலும் அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில். எலிப்பாசாணம் இறாக்கையில். கொதிகலன் கழுவும் மருந்து சோடாப் போத்தலில், அதுவும் லேபல் இல்லாமல். காலபோகத்துக்கு மருந்தடிக்கும் மாதங்களில் இது இன்னும் மோசம்.

விவசாய மருந்து ஒரு சொட்டுக்கூட ஆலை வளவுக்குள் இருக்கக்கூடாது. வயலுக்கு உரியது வீட்டில், அதுவும் பூட்டிய பெட்டியில். கழுவும் மருந்துகளுக்குத் தனி அலுமாரி, ஒரே ஒரு திறப்பு, எடுத்த அளவும் எடுத்தவர் பெயரும் எழுத ஒரு கொப்பி. வாரக் கடைசியில் போத்தலில் உள்ளதும் கொப்பியில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் கேளுங்கள், கத்தவேண்டாம். அநேகமாக யாரோ வீட்டுக்குக் கொஞ்சம் கொண்டுபோயிருப்பார்கள். எலிக்கு நஞ்சுக்குப் பதில் பொறி. மருந்தை எப்போதும் அதற்குரிய போத்தலில்தான் வைக்கவேண்டும். குடிக்கிற போத்தலில் ஊற்றி வைத்ததால் தவறுதலாக நடந்த சாவுகளே இந்தத் தீவில் போதும்.

5. படலையும் திறப்பும்

இதில் எழுத அதிகம் இல்லை. வருகிற எவரும் ஒரே வாசலால் வரவேண்டும், பெயரும் நேரமும் எழுதவேண்டும், உள்ளே தனியாகத் திரியக்கூடாது. மெசின் திருத்த வருகிறவர், கரண்டு வேலைக்காரர், தவணைக்காசு வாங்க வருகிறவர், முதலாளியின் மச்சான் எல்லாருக்கும் இதே சட்டம்தான். மச்சானுக்கு விதிவிலக்குக் கொடுத்தால் விதி அன்றே செத்துவிடும்.

திறப்புகளை எண்ணிப் பாருங்கள். எத்தனை பேரிடம் ஸ்டோர் திறப்பு இருக்கிறது, வேலையை விட்டுப் போனவர் திருப்பித் தந்தாரா? ஆணியில் தொங்கும் திறப்பும், பூச்சாடிக்குக் கீழே இருக்கும் திறப்பும் ஊருக்கே தெரியும். ஒருவர் கோபத்தோடு விலகினால் அடுத்த நாளே பூட்டை மாற்றுங்கள். ஒரு பூட்டின் விலை ஒரு சாக்கு அரிசியின் விலைக்கு வராது.

இரவில் வெளிச்சம் கிணற்றடிக்கும் ஸ்டோர் வாசலுக்கும் விழவேண்டும். வேலியோரப் பற்றையை வெட்டிவிடுங்கள், பாம்புக்கும் நல்லது.

6. வேலை செய்கிறவர்கள்

மேலே சொன்ன ஹெபெய், குன்மா வழக்குகள் இரண்டிலும் ஊதியம் பற்றிய மனக்குறைதான் வேர். அப்படியென்றால் உங்கள் ஆலையின் மிக மலிவான காவல், சம்பளத்தைச் சொன்ன திகதிக்குக் கொடுப்பது. கொடுக்க முடியாத மாதம் வரும். நெல் விலை விழும், லொறிக்காரர் காசு தராமல் இழுப்பார். அப்போது முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஒளித்துத் திரிகிற முதலாளி மீது வருகிற கோபம், காசில்லாத முதலாளி மீது வராது.

மனக்குறையைச் சொல்ல ஒரு வழி வேண்டும். முறைப்பாட்டுப் பெட்டி வைத்தால் ஒருவரும் போடமாட்டார்கள், அதுவும் மேற்பார்வையாளரின் மேசைக்கு மேலே தொங்கினால். பெண்கள் அதிகம் வேலை செய்யும் இடத்தில், மேற்பார்வையாளர் அல்லாத ஒரு மூத்த பெண்ணை எல்லாரும் நம்பிக் கதைக்கக்கூடிய ஆளாக வையுங்கள். அவர் கொண்டுவரும் விடயத்துக்கு ஒரு கிழமைக்குள் ஆம் அல்லது இல்லை என்ற பதில் போகவேண்டும். ஏச வேண்டியிருந்தால் தனியே கூப்பிட்டு ஏசுங்கள்.

ஆட்களைச் சேர்க்கும்போது அடையாள அட்டைப் பிரதியும், கிராம சேவையாளரின் சான்றும், முன்பு வேலை செய்த இடத்துக்கு ஒரு ரெலிபோனும் போதும். யார் எந்த இயக்கத்தில் இருந்தார், எந்த முகாமில் இருந்தார், எந்த ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தார் என்பதெல்லாம் இந்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாத கேள்விகள். வற்றாப்பளைப் பொங்கல், தீபாவளி, தைப்பொங்கல் போன்ற நெருக்கடி நாட்களில் நாட்கூலிக்கு ஆள் சேர்ப்பீர்கள். அவர்களைப் பொதி கட்டவும் சாக்குத் தூக்கவும் விடுங்கள்; கலக்கும் இடத்திலும் தாங்கியடியிலும் பழைய ஆட்களே நிற்கட்டும்.

அந்த இடங்களில் எப்போதும் இரண்டு பேர். இதைச் சந்தேகமாகச் சொல்லாமல் வேலை முறையாகச் சொல்லுங்கள்: ஒருவர் அளக்க, மற்றவர் பார்த்துக் கையெழுத்திட. இரண்டு பேர் போட முடியாத சின்ன ஆலையென்றால் கலக்கும் இடத்தை மறைவிலிருந்து எடுத்து, எல்லார் கண்ணும் படும் நடுக்கூடத்துக்கு மாற்றுங்கள். கலக்கும் பகுதிக்கு ஒரு நிற ஏப்ரன், மற்ற எல்லாருக்கும் வேறு நிறம், அந்த இடத்தில் வேறு நிறம் தெரிந்தாலே "என்ன தம்பி இங்கால?" என்று யாராவது கேட்பார்கள். கைப்பை, சாப்பாட்டுப் பெட்டி, போன் எல்லாம் வாசலிலுள்ள இறாக்கையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும், முதலாளி உட்பட. பையைக் கிண்டத் தேவையே இல்லை. பை உள்ளே வராவிட்டால் போதும்.

7. உள்ளே வருவதும் வெளியே போவதும்

மூலப்பொருள் வரும்போது சாக்கின் தையலைப் பாருங்கள். திரும்பத் தைத்த சாக்கு, கிழிந்து ஒட்டிய பொதி, பில்லில் இல்லாத மேலதிக மூட்டை இருந்தால் தனியே வைத்து விற்றவரைக் கேளுங்கள். மலிவாக வருகிற மிளகாயை ஏன் மலிவு என்று கேட்கும் பழக்கம் நல்லது.

லொறியும் பவுசரும் போகும்போது கதவுக்கும் மூடிக்கும் நம்பர் போட்ட பிளாஸ்ரிக் சீல் போட்டு, நம்பரைப் பில்லில் எழுதுங்கள். வாங்குகிறவர் நம்பரைப் பார்த்துத்தான் கதவைத் திறக்க வேண்டும். ஏ9 இல் கொழும்புக்குப் போகும் லொறி இரவில் தேநீருக்கு நிற்கத்தான் செய்யும்; சாரதியைக் குறை சொல்லாமல் சீலை நம்பலாம். மீதி சீல்களைப் பூட்டிவையுங்கள், மேசை லாச்சியில் கிடந்தால் சீல் போட்டும் பயனில்லை.

திருப்பி வந்த சாமானை ஒருபோதும் புதுச் சாமானோடு சேர்க்காதீர்கள். கடையில் யார் கை பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. போத்தலுக்கு உடைந்தால் தெரியும் மூடி, பக்கெற்றுக்கு நல்ல வெப்ப ஒட்டு. பிழையாக அச்சடித்த லேபலைக் குப்பையில் எறியாமல் எரித்துவிடுங்கள். உங்கள் பெயரில் இன்னொருவர் எண்ணெய் விற்க அந்த லேபல் போதும்.

கமரா? வைக்கலாம். ஆனால் கமரா நடந்ததைக் காட்டும், நடப்பதைத் தடுக்காது. கரண்டு போனால் அதையும் காட்டாது. கையில் கொஞ்சக் காசுதான் இருக்கிறதென்றால் முதலில் மூடியும் பூட்டும், பிறகு வெளிச்சம், அப்புறம்தான் கமரா. வைத்தாலும் கிணற்றடி, கலக்கும் இடம், ஏற்றும் இடம் மூன்றையும் பார்க்க வையுங்கள். வேலையாட்கள் இளைப்பாறும் இடத்தைப் பார்த்து வைத்தால் சம்பாதிப்பது வெறுப்பு மட்டும்தான்.

8. நடந்துவிட்டால்

பூட்டு உடைந்திருக்கிறது, மணம் வேறாக இருக்கிறது, சீல் நம்பர் மாறியிருக்கிறது, மிரட்டல் வந்திருக்கிறது, அல்லது சாப்பிட்ட ஒருவருக்குச் சுகமில்லை. எதுவாக இருந்தாலும் முதல் வேலை மெசினை நிறுத்துவது. ‘இந்த ஒரு தொகுதியை முடிச்சிட்டுப் பாப்பம்’ என்பதுதான் எல்லாக் கேட்டுக்கும் தொடக்கம்.

சந்தேகமான சாமானை ருசி பார்க்காதீர்கள், வெளியே ஊற்றாதீர்கள், தாங்கியைக் கழுவாதீர்கள். பதறிப்போய்க் கழுவிவிட்டால் எது கலந்தது என்று கண்டுபிடிக்கும் ஒரே வழியும் வடிகால் வழியே ஓடிவிடும். அந்த இடத்தைக் கயிறு கட்டி மறித்து, அன்று செய்த தொகுதிகளை ஒரு பக்கம் ஒதுக்கி, யார் யார் தொட்டார்கள், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள்.

யாருக்காவது சுகமில்லையென்றால் 1990 இற்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சாப்பிட்ட மிச்சத்தையும் பக்கெற்றையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வைத்தியருக்கு அது பெரிய உதவி. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, வைத்தியர்கள் அங்கே கேட்டு நடப்பார்கள். வாந்தி எடுக்க வைக்கிற வீட்டு வைத்தியம் வேண்டாம். அடுத்தது பொலிஸ், 119. அடுத்தது உங்கள் பகுதி பிஎச்ஐயும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. நீங்களாக எடுத்த மாதிரி வழக்கில் நிற்காமல் போகலாம், எனவே அவர்கள் வரும் வரை எதையும் தொடவிடாதீர்கள்.

சந்தேகம் ஒருவர் மேல் விழும். அவரைப் பிடித்துக் கட்டி வைப்பது, அடிப்பது, பேஸ்புக்கில் படம் போடுவது எல்லாம் குற்றம்; பல வேளை ஆளும் பிழையாக இருக்கும். தெரிந்ததைப் பொலிசில் சொல்லுங்கள், அதோடு விடுங்கள்.

வெளியே போன சாமானைத் திருப்பி எடுப்பதற்குத் தொகுதி இலக்கம்தான் ஒரே பிடி. எந்தத் தொகுதி எந்தக் கடைக்குப் போனது என்று பில்லில் எழுதியிருந்தால் அந்தத் தொகுதியை மட்டும் எடுக்கலாம், எழுதாவிட்டால் எல்லாவற்றையும். இதைச் சும்மா இருக்கும் நாளில் பழகிப் பாருங்கள். முள்ளியவளையில் ஒரு கடையிலிருந்து ஒரு பக்கெற்றை எடுத்து, அது எந்த நாள் செய்தது, எந்த மூட்டை மிளகாய், அன்று கலந்தவர்கள் யார், மற்றப் பக்கெற்றுகள் எங்கே என்று இரண்டு மணித்தியாலத்துக்குள் சொல்ல முடிகிறதா பாருங்கள். முதல் தடவை முடியாது. எங்கே தடக்குகிறதோ அந்தக் கொப்பியைத் திருத்துங்கள்.

அறிவிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். குன்மா ஆலைக்கு 2013 நவம்பரில் முதல் முறைப்பாடு வந்தது, பகிரங்கமாக அறிவித்தது டிசம்பர் கடைசியில். சனம் மன்னிக்காதது அந்த இடைவெளியைத்தான். வட்சப்பில் வதந்தி ஓடுவதற்கு முன்பு, ஒரே ஆள், ஒரே செய்தி: எந்தச் சாமான், எந்தத் தொகுதி, வைத்திருப்பவர்கள் என்ன செய்யவேண்டும், எந்த நம்பருக்கு எடுக்கவேண்டும். ஊகம் எதையும் சேர்க்கவேண்டாம்.

9. எழுதி வைப்பது

மன்னாரிலிருந்து நண்டு, மீன் ஏற்றுமதி செய்கிறவர்களிடம் வெளிநாட்டுக் கொள்வனவாளர்கள் இந்தத் திட்டத்தை எழுத்தில் கேட்கக்கூடும். பிரித்தானியத் தர நிறுவனத்தின் பாஸ் 96 என்ற வழிகாட்டி இதற்கு நல்ல துணை. அதன் 2017 பதிப்பு பரவலாகப் பாவனையில் இருந்தது. அமெரிக்க விதியில் வருடத்துக்கு ஒரு கோடி டொலருக்குக் குறைவாக விற்கும் ஆலைகளுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு, அதனால் நம் ஆலைகளைச் சட்டம் பிடிக்காது, கொள்வனவாளர் பிடிப்பார். குறைந்தது மூன்று வருடத்துக்கு ஒருமுறை திட்டத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்கிறது அந்த விதி. வன்னியில் புது மெசின் வந்தால், புதுக் கட்டடம் எழும்பினால், கிணறு மாறினால் அன்றே பாருங்கள்.

உள்ளூருக்கு மட்டும் விற்கிறவர்களுக்கு ஒரு எண்பது பக்கக் கொப்பி போதும். முதல் பக்கத்தில் அவசர நம்பர்கள், அடுத்ததில் ஆலையின் வரைபடமும் பலவீனமான இடங்களும், பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் என்ன காவல், யார் பொறுப்பு, யார் சரிபார்ப்பது. நம்பர்கள் உள்ள பக்கத்தைப் பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். வரைபடத்தை ஒட்டாதீர்கள், போனில் படம் எடுத்து அனுப்பவும் விடாதீர்கள். எங்கே ஓட்டை என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அந்தக் கொப்பி இருக்கவேண்டிய இடம் காசுப்பெட்டி இருக்கும் அதே அலுமாரி.